முடிவை வாயால் சொன்னவர்

நான் கேட்ட புத்தகத்தை அவர் ஒரு நாளும் எனக்குக் கொடுத்ததில்லை. அரியலூர் கிளை நூலகத்தில் அவர் நூலகராக இருந்தவரை நானும் அங்கே உறுப்பினர். துப்பறியும் நாவல் கேட்டால் குடும்ப நாவல் வரும். சரி, குடும்ப நாவலையே கேட்டுப் பார்ப்போம் என்று போனால், கப்பலில் போகிறவர்கள் கதை வரும். கப்பலைப் படத்தில்கூடச் சரியாகப் பார்க்காதவன் நான். "இத எடுத்துட்டுப் போங்க, படிச்சுட்டு அப்புறம் பேசுவோம்" என்பார். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சீசாவில் கலர் தண்ணியை ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாரே, அதே தோரணை.

அப்போது நான் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கண்டக்டர் வேலை பார்க்கிறவன் எவனையும் நம்ப மாட்டான், நம்பினால் வேலைக்கு ஆபத்து. இடுப்பில் உட்கார்ந்து வரும் 'அஞ்சு வயசு'ப் பிள்ளை, ஊர் வந்ததும் இறங்கி அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கும். 'முன்னாடி இருக்கிறவர் எடுத்துட்டாரு' என்பான் ஒருவன், முன்னாடி இருப்பவர் அவனைத் தெரியாது என்பார். இப்படியே பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணே கோணலாகிவிட்டது என்று என் அம்மா சொல்வார். ஆகவே இந்த மனிதரைப் பற்றி நான் சொல்வதில் பாதியைச் சந்தேகக்காரன் பேச்சு என்று நீங்கள் தள்ளிவிடலாம். தள்ளினாலும் மிச்சம் இருக்கும்.

அவரை முதலில் பார்த்ததே பஸ்ஸில்தான். பெரம்பலூரில் ஏறினார். ஆள் நல்ல உயரம், கனத்த உடம்பு, ஆனால் நடந்தால் சத்தம் வராது. டிக்கெட் கேட்டேன், எடுத்தாயிற்று என்றார். கூட்டம் நகர்ந்ததும் மறுபடி கேட்டேன். கோபப்படாமல் கையிலிருந்த புத்தகத்தைப் பிரித்து, நடுவில் அடையாளத்துக்கு வைத்திருந்த டிக்கெட்டைக் காட்டினார். "இருக்குதுங்களே" என்றார். அந்த 'ங்களே'யில் என்னமோ இருந்தது. மறுவாரம் உறுப்பினராகச் சேரலாம் என்று நூலகத்துக்குப் போனால், மேஜைக்குப் பின்னால் அதே ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன மாதிரி வேணும்?"

"கொலைக் கதை சார்."

"வூட்டுல யாராரு இருக்கீங்க?"

கதைப் புத்தகம் கேட்க வந்தவனிடம் ரேஷன் கார்டுக்குக் கேட்கிற கேள்வியைக் கேட்கிறாரே என்று இருந்தது. அம்மா, அப்பா என்றேன். கல்யாணம்? ஆகவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார். எழுந்து திரும்பி நின்று, வேட்டிக்குள் விரலை விட்டு அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்த சாவியை எடுத்து, மேஜைக்குப் பின்னால் இருந்த மர அலமாரியைத் திறந்தார். நாவல்கள் எல்லாம் அதில்தான். வெளியே சுவரோரம் இருந்த தட்டுகளில் விவசாயம், வைத்தியம், ஆன்மிகம். அவற்றை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். கதைப் புத்தகத்துக்கு மட்டும் பூட்டு. அன்று அவர் எனக்குக் கொடுத்த நாவலின் கதாநாயகன் பெண்டாட்டியைச் சந்தேகப்படுவான், தம்பியைச் சந்தேகப்படுவான், கடைசியில் பால்காரனைச் சந்தேகப்பட்டு அடி வாங்குவான். நான் இரண்டு முறை டிக்கெட் கேட்டதற்கு அவர் செய்த மரியாதை அது. படிக்கப் படிக்க எனக்குக் காது சிவந்தது. ஆனால் முழுதும் படித்தேன்.

ஒரு தடவை சோதித்துப் பார்த்தேன். எனக்குக் கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள் என்று வாய் கூசாமல் சொன்னேன். நிமிர்ந்து என் சட்டைக் காலரைப் பார்த்தார். "ஆகட்டும், ஆனப்புறம் தரேன்" என்று சொல்லிவிட்டு வேறொன்றை எடுத்து நீட்டினார்.

ஊரில் இந்த வகையில் அடிபட்டவன் நான் மட்டுமில்லை. ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், நெற்றி நிறைய விபூதி பூசி வருவார். பக்திக் கதை கேட்டவருக்கு நூலகர் ஒரு காதல் கதையைக் கட்டி அனுப்பியிருக்கிறார். பெரியவர் மறுநாளே வந்து மேஜையில் அதைத் தூக்கிப் போட்டார், "யாருக்கு என்னத்தக் குடுக்குறதுன்னு ஒரு விவஸ்தை வேணாமா?" என்று கத்தினார். இவர் புத்தகத்தை எடுத்து ஓரமாக வைத்தார். கத்தி முடித்த பெரியவர் போகாமல் நின்றார். பிறகு, "இத எழுதுனவர் வேற ஏதாச்சும் எழுதியிருக்காரா?" என்று கேட்டார். இது என் கண்ணெதிரே நடந்தது.

இதையெல்லாம் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. ஒரு ஆளுக்கு மற்றவர்கள் வீட்டுச் சமாசாரம் இவ்வளவு எதற்கு? சொந்த ஊர் எது என்று கேட்டால், "வேல பாக்குற ஊருதான்" என்பார். குடும்பம்? "இருந்துச்சு." ரைஸ்மில் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தார், மெஸ்ஸில் சாப்பிட்டார். சிமெண்ட் ஆலைப் புழுதி படிந்த ரோட்டில் தனியாக நடந்து போவார், யார் வீட்டிலும் உட்கார மாட்டார். டீக்கடையில் சிலர் அவரை சி.ஐ.டி. என்றார்கள். யார் என்ன படிக்கிறான் என்று மேலே எழுதிப் போடுகிறாராம். கண்ணியில்லாமல் குருவி பிடிக்கிற ஆள் என்று நானும் என் பங்குக்குச் சொல்லி வைத்தேன்.

அந்த அலமாரி நாவல்களில் சிலவற்றுக்கு முடிவு இருக்காது. நூலகப் புத்தகத்தில் கடைசிப் பக்கம் இல்லாமல் போவது உலக அதிசயம் ஒன்றுமில்லை. எவனாவது சுண்டல் மடிக்கக் கிழித்திருப்பான் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "முடிவு இல்லியே சார்" என்று யாராவது குறைப்பட்டால், பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, "உக்காருங்க, நான் சொல்றேன்" என்பார். குரலைத் தாழ்த்திக்கொண்டு அந்த முடிவை வாயாலேயே சொல்லி அனுப்புவார். அப்படி ஒரு நாவலின் கடைசியை நான் தடவிப் பார்த்தேன். நாள் முழுக்க டிக்கெட் கிழிக்கிற கை என்னுடையது. கிழித்த தாளின் விளிம்பு எப்படியிருக்கும் என்று கைக்குத் தெரியும். இது கிழித்ததில்லை. தைத்த இடத்தை ஒட்டி பிளேடு போட்டு நேராக வெட்டியது. சுண்டல் தின்கிறவன் பிளேடோடு வருவானா?

இந்தச் சந்தேகம் மனசில் கிடந்தபோதுதான் பஸ்ஸில் அந்தச் சண்டை நடந்தது.

பஸ்ஸின் காலை நடையில் பெரம்பலூரிலிருந்து ஒரு நர்ஸ் வருவார், அரியலூர் அரசு ஆஸ்பத்திரியில் வேலை. முன்பெல்லாம் அவர் அரியலூரிலேயே தனியாக வீடு எடுத்து இருந்தவர், புருஷனோடு ஒத்துவரவில்லை என்று பேச்சு. பிறகு என்ன ஆனதோ, பெரம்பலூரில் இருந்த புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போய், அங்கிருந்து தினமும் என் பஸ்ஸில் வரத் தொடங்கியிருந்தார். அன்று அவர் பக்கத்தில் ஒரு டீச்சர். இருவரும் ஒரு நாவலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிற ஒரு பெண், புருஷன் கொடுமை தாங்காமல் பிறந்த வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அவன் வந்து கூப்பிடுகிறான். அதுதான் கதை.

"கடைசில அவ புருஷன் வூட்டுக்கே போயிடுறா டீச்சர்" என்றார் நர்ஸ்.

"யாரு சொன்னா? போகவே மாட்டா. கூப்புட வந்தவன் வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிப் போயிடுறான்."

"இல்லைங்க. லைப்ரரி சாரே சொன்னாரு."

"எங்கிட்டயும் லைப்ரரி சார்தான் சொன்னாரு!"

"நீங்க வேற கதைய நெனச்சுட்டுப் பேசுறீங்க."

"மஞ்சக் கலர் அட்டை, தையல் மெஷின் படம் போட்டிருக்கும். அதானே?"

அதேதான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு வாயை மூடிவிட்டார்கள். நூலகர் ஆளுக்கு ஒரு பொய் சொல்கிறார் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. எதிரில் இருப்பவள் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை என்றுதான் தோன்றியிருக்கும். எனக்கு மட்டும் அந்த பிளேடு வெட்டு ஞாபகம் வந்தது. அன்று மாலையே போய் அந்த மஞ்சள் அட்டை நாவலைக் கேட்டேன்.

"இது உங்களுக்கு இல்ல" என்றார்.

"வேற யாருக்கு?"

"வரவங்களுக்கு."

வந்தவள் என் அக்கா. திருமானூர்ப் பக்கம், கொள்ளிடத்துத் தண்ணியில் கரும்பு விளைவிக்கும் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். ஒரு மத்தியானம் ஒரு பையோடு, காதைத் துணியால் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். தோட்டோடு சேர்த்துப் பிடித்து இழுத்ததில் காது மடல் கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். யார் இழுத்தது என்று அம்மா எத்தனையோ விதமாகக் கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை. திறக்காமலிருந்ததே எங்களுக்குப் பதில். ஆனாலும் அம்மா, "புருஷன் பொண்டாட்டின்னா அப்புடி இப்புடித்தான் இருக்கும், கோவம் தணியட்டும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா சிமெண்ட் ஆலையில் மூட்டை தூக்கி வாங்கிய இருமலோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார், எதற்கும் தலையாட்டுவார். எனக்கு மச்சானின் கையை முறிக்க வேண்டும் போலிருந்தது. அதே சமயம் இவள் இங்கே இப்படியே எத்தனை காலம் இருப்பாள் என்றும் இருந்தது. இரண்டும் உண்மை.

அவள் வந்து கொஞ்ச நாளில், நூலகர் எனக்கு ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, மஞ்சள் அட்டை நாவலையும் எடுத்து அதன் மேல் வைத்தார்.

"இது உங்க அக்காவுக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எனக்கு அக்கா இருக்குன்னு உங்களுக்கு யாரு சார் சொன்னா?"

"இருக்காங்கல்ல?"

அவ்வளவுதான் பதில். பஸ் ஸ்டாண்டு வெளிச்சத்தில் நின்று கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். வெட்டியிருந்தது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் வீட்டில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள் நினைப்பு வந்தது, கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஊரான் வூட்டுப் பொம்பளைக்கு அந்தாளு எதுக்குடா கதப் பொஸ்தகம் குடுத்தனுப்பணும்? ஒத்தக்கட்டை வேற."

அதே கேள்விதான் எனக்கும். டீக்கடையில் அதைச் சத்தமாகவே கேட்டேன். நாலு பேர் ஆமாம் என்றார்கள், எனக்கு இன்னும் சூடேறியது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அக்கா காய் வாங்கி வருகிறேன் என்று கடைத்தெருவுக்குப் போனாள். ஆஸ்பத்திரிக்குப் போனதைத் தவிர, வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக வெளியே போனது அன்றுதான். போனவள் நூலகத்துக்குப் போயிருக்கிறாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேஜையருகே நின்று ஏதோ கேட்டதையும், அவர் மெதுவாகப் பதில் சொன்னதையும் பார்த்தவர்கள் அம்மாவிடம் வந்து சொல்லிவிட்டார்கள். அந்த வாரமே திருமானூரிலிருந்து தகவல் வந்தது, ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போக வருகிறார்கள் என்று. அப்பா தலையாட்டினார். அக்கா சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தாள்.

"நான் போகல."

"ஏன்டி?" என்றார் அம்மா.

"போகல. அவ்ளோதான்."

அவ்வளவு நாளும் ஒரு வார்த்தை பேசாதவள். எங்கிருந்து வந்தது இந்தப் பேச்சு? எனக்குத் தெரியாதா? மறுநாள் பெரம்பலூரில் பஸ் நின்ற இடைவெளியில் அங்கிருந்த நூலகத்துக்கு ஓடினேன். அங்கே அதே மஞ்சள் அட்டை முழுசாக இருந்தது. தெரிந்த கண்டக்டர் என்பதால் கொடுத்தார்கள். பஸ்ஸின் பின்படியில் நின்றபடி கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். புருஷன் வருகிறான், அவள் அழுகிறாள், அவன் காலில் விழுகிறாள். தையல் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவன் ஊருக்குப் போகிறார்கள். கீழே 'சுபம்'.

ஆக, எழுதியவர் ஒன்றைச் சொல்ல, இவர் என் அக்காவிடம் வேறொன்றைச் சொல்லியிருக்கிறார். எதற்கு? தனியாக இருக்கிற ஆம்பிளை, புருஷன் வீட்டுக்குப் போகாதே என்று ஒரு பெண்ணுக்குச் சொல்கிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு வந்த கோபத்தில் அன்று எத்தனை பேருக்கு மிச்சச் சில்லறை கொடுக்காமல் விட்டேனோ.

மறுநாள் லீவு போட்டுவிட்டு நேரே போனேன். நூலகத்தில் பேப்பரை மூஞ்சியில் போட்டுத் தூங்கும் ஒருவரைத் தவிர யாருமில்லை. மேஜையில் பெரம்பலூர் புத்தகத்தைப் பிரித்துப் போட்டு, 'சுபம்' மேல் விரலை வைத்தேன்.

"இது என்னா சார்?"

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். "பெரம்பலூர்ல இருக்கறது நெனப்பு இல்லாம போச்சு" என்றார்.

"பக்கத்த வெட்டுனது நீங்கதானே?"

"நான்தான்." ஒரு தயக்கமும் இல்லை. "எல்லாத்தையும் இல்ல. நாலஞ்சு பொஸ்தகம்."

"அரசாங்கச் சொத்து சார் இது. எழுதிப் போட்டா உங்க வேல போயிடும், தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

மேஜையைத் துடைத்தார், அதில் தூசி ஒன்றுமில்லை. பிறகு சொன்னார். முன்பு வேலை பார்த்த ஊரில் ஒரு பெண், இதே கதையைப் படித்துவிட்டு வந்து, 'அவளே போயிட்டாளே சார், அப்ப நானும் போகத்தான் வேணுமா?' என்று கேட்டாளாம். 'கதைதானேம்மா' என்றாராம் இவர். அவள் புருஷன் வீட்டுக்குப் போனாள். பிணமாகத்தான் வெளியே வந்தாள்.

"எந்த ஊரு?"

"வேல பாத்த ஊரு."

"நல்லாருக்கு. இது எந்தப் பொஸ்தகத்துல வர்ற கதை சார்?"

அவர் முகம் சட்டென்று இருண்டது. நான் சொன்னது அவரைத் தைத்தது என்று எனக்குத் தெரிந்தது, அதற்காக அப்போது நான் வருத்தப்படவில்லை. உண்மையைச் சொல்லப்போனால், அப்படி ஒரு பெண் இருந்தாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இருந்திருக்கலாம். ஒரு ஆள் நாலு பேருக்கு நாலு முடிவு சொல்கிறவர் என்று தெரிந்த பிறகு, அவர் சொந்தக் கதையை மட்டும் எப்படி நம்புவது?

"சரி, அந்த நர்சம்மாவுக்கு ஏன் மாத்திச் சொன்னீங்க? அவங்க மட்டும் போகணுமா?"

"அவங்க கேட்ட விதம் அப்புடி. 'கடைசில அவ போயிடுறா, இல்ல சார்?'னு கேட்டாங்க. நான் ஆமான்னேன். உங்க அக்கா, 'அவ போகலதானே சார்?'னு கேட்டாங்க. அதுக்கும் ஆமான்னேன். நான் எங்கங்க முடிவு சொல்றேன்? கேக்குறவங்க அவங்களே கொண்டு வராங்க. நான் தலைய ஆட்டுறேன், அவ்ளோதான்."

"என் அக்கா விஷயம் உங்களுக்கு யாரு சொன்னா?"

"அந்த நர்சம்மாதான். காதுல தையல் போட்டது அவங்கதானுங்களே. 'இந்தப் பொண்ணுக்கு ஏதாச்சும் நல்ல கதையா குடுங்க சார்'னு சொன்னாங்க."

வாய்ச்சண்டையில் தோற்றால் சத்தம் போடுவது என் பழக்கம், போட்டேன். தூங்கியவர் எழுந்து உட்கார்ந்தார். "ஞாயித்துக்கெழம கூப்புட வராங்க. அவ வாழ்க்கைக்கு நீங்க பதில் சொல்வீங்களா?" என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவின் முன்னால் புத்தகத்தை நீட்டினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியப் படிச்சுப் பாரு. அந்தாளு ஒங்கிட்டப் பொய் சொல்லியிருக்கான். அவ போயிடுறா."

அவள் புத்தகத்தைத் தொடவில்லை. "தெரியும்" என்றாள்.

"என்னா தெரியும்?"

"அவ போயிடுறது தெரியும். இது வாரப் பத்திரிகையில தொடர்கதையா வந்ததுடா. அந்த வூட்டுல இருக்கும்போதே வாராவாரம் படிச்சேன். எம் மாமியாளே வாங்குவா. அவ படிச்சதுக்கப்புறம் தவிட்டுப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சுப் படிப்பேன். கடைசி வாரம் 'சுபம்' போட்டதையும் பாத்தேன். ரெண்டு நாளு சோறு எறங்கல எனக்கு."

"அப்புறம் எதுக்கு அவர்ட்டப் போய்க் கேட்ட?"

அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுதாளா, வெங்காயமா என்று சொல்ல முடியவில்லை.

"அந்த வூட்டுலயும் போய்த்தான் ஆவணும்னாங்க, இந்த வூட்டுலயும் அதையேதான் சொல்றீங்க. கதை எழுதுனவனும் அதையே எழுதி வச்சிருக்கான். போவ வேணாம்னு ஒருத்தர் வாயால ஒரு தடவ கேக்கணும் போல இருந்துச்சுடா. பொய்யா இருந்தாலும் பரவால்லன்னு இருந்துச்சு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து மிச்ச வெங்காயத்தை உரித்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மச்சான், அவன் அம்மா, கூட ஒரு பெரியவர். காபி கொடுத்தோம். அக்கா வந்து வாசல்காலைப் பிடித்தபடி, "நான் வரல" என்றாள். மச்சான் எழுந்தான், பெரியவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவன் அம்மாதான் ஆரம்பித்தாள்.

"இது ஒன் பேச்சு இல்ல. எவனோ லைப்ரரிக்காரனாமே? அவன் குடுக்குற பொஸ்தகத்தப் படிச்சுட்டு ஆடுறேன்னு ஊரே பேசுது."

டீக்கடையில் நான் விட்ட பேச்சு எனக்கு முன்னாலேயே பஸ் ஏறித் திருமானூர் போய்விட்டிருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவ அந்தக் கதைய உங்க வூட்டுலயே படிச்சுட்டா அத்தை" என்றேன். "நீங்க வாங்குன பொஸ்தகந்தான். லைப்ரரிக்காரருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அவ வரலங்கறா, அவ்ளோதான்."

அப்பா அன்று தலையாட்டவில்லை. கையால் வாசலைக் காட்டினார். காபி ஆறிப் போயிருந்தது, ஒருவரும் குடிக்காமல் எழுந்து போனார்கள். பஞ்சாயத்து அதோடு முடியவில்லை, பின்னால் வருஷக்கணக்கில் இழுத்தது. ஆனால் அக்கா போகவில்லை.

எனக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. இத்தனை சாமர்த்தியக்காரருக்கு இது தொடர்கதையாக வந்தது எப்படித் தெரியாமல் போயிற்று? பிறகு யோசித்தால் புரிந்தது. வாரப் பத்திரிகையை அவர் கையால் தொட மாட்டார். நூலகத்துக்கு வரும் பத்திரிகைகளைக்கூட நுனியைப் பிடித்துத் தூக்கி வாசிக்கிற மேஜையில் போடுவார். "தைக்காத தாளெல்லாம் பொஸ்தகம் ஆகுமாங்க?" என்பார். பலகாரக் கடையில் கட்டித் தருகிற காகிதத்துக்கு இருக்கிற மரியாதைதான் அதற்கு அவரிடம். ஊர்ப் பெண்கள் வாரா வாரம் அதற்காகக் காத்திருந்தது அவர் கண்ணில் பட்டதே இல்லை. தாம் வெட்டிவிட்டால் அந்த முடிவு இந்த ஊரில் யாருக்கும் கிடைக்காது என்று மனுஷன் நம்பியிருந்தார்.

இரண்டு நாள் கழித்துப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அவர் யாருக்கும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. உதடு காய்ந்திருந்தது, சவரம் செய்யவில்லை.

"என்னாச்சுங்க?" என்றார்.

ஊருக்கெல்லாம் முடிவு சொல்கிறவர் என்னிடம் கேட்கிறார். கொஞ்ச நேரம் தவிக்க விடலாம் என்றுதான் நினைத்தேன், மனசு வரவில்லை.

"அக்கா போகல சார்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் சொன்னதாலயா?"

"இல்ல. அவளுக்கு முடிவு முன்னாடியே தெரியுமாம். பத்திரிகையில தொடராவே வந்துச்சாம் சார். வாராவாரம் படிச்சிருக்கா."

"தொடரா வந்துச்சா?"

"வந்துச்சாம். ஊர்ல பாதிப் பேரு படிச்சிருப்பாங்க."

அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு வந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு மேஜையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப அந்த நர்சம்மாவும் முன்னாடியே படிச்சிருப்பாங்களோ?"

"இருக்கும் சார். நாளைக்குக் காலையில என் பஸ்லதான் வருவாங்க. கேட்டுச் சொல்லட்டுங்களா?"

"வேணாம், வேணாம். அதெல்லாம் கேக்காதீங்க." கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். கை ஈரமாக இருந்தது. "அவங்க நல்லாத்தானே இருக்காங்க?"

அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று எனக்கு என்ன தெரியும்? டிக்கெட் வாங்குவார். ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்குவார். அரியலூர் வந்ததும் எழுப்பினால் எதையோ பார்த்துப் பயந்த மாதிரி முழித்துவிட்டு இறங்கிப் போவார். முதல் தடவையாக நான் அந்த மனிதரின் முகத்தை நன்றாகப் பார்த்தேன்.

"ஆமாங்க சார், நல்லாத்தான் இருக்காங்க" என்றேன்.